பிரதிவாதியின் நீலக் கோட்டு

மட்டாஞ்சேரியில் குளோரின் வாயு கசியவே இல்லை. இதை நான் சொல்லவில்லை, கம்பெனி சொல்கிறது. கசிந்ததாகச் சொல்லப்படும் அந்தக் காலையில், கம்பெனிச் சுவருக்கு இந்தப் பக்கம் பதினொரு குடும்பங்கள் மூக்கையும் கண்ணையும் பொத்திக்கொண்டு ஓடியது உண்மைதான். ஆனால் ஓடுவது அவரவர் விருப்பம். இந்தியக் குடிமக்களுக்கு நடமாட்டச் சுதந்திரம் இருக்கிறது. கம்பெனி அதில் தலையிட விரும்பவில்லை.

நான் அம்ருதா, வக்கீல் சங்கர்ராமின் ஜூனியர். கறுப்புக் கோட்டு மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. சேர்ந்த அன்றே என் முன்னால் தலையணை கனத்தில் ஒரு கட்டைப் போட்டார்.

"வாசிச்சுக்கோ. ஒண்ணரை வருஷமா நடக்கறது."

"எவ்வளவு தூரம் வந்திருக்கு சார்?"

"இன்னும் ஆரம்பிக்கல."

கட்டுக்குள் இருந்தது இதுதான். காயல் கரையில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனி. இறால் கழுவும் தண்ணீரைச் சுத்தப்படுத்த அங்கே குளோரின் சிலிண்டர்கள் உண்டு. கம்பெனிக்கு மேற்கே எங்கள் கட்சிக்காரர்களின் டோபிகானா என்னும் சலவைத் துறை. கொள்ளுத்தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். ஊரில் பாதி ஹோட்டல்களின் துணி இவர்கள் கைக்குத்தான் வரும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி காலை, ஆறரை மணிக்கு, கிழக்கிலிருந்து மெல்லிசாகக் காற்று. அந்தக் காற்றோடு பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை சுவரைத் தாண்டி வந்து துணிக்கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்தது. நாற்பது பேர் ஆஸ்பத்திரியில். அதில் மாடத்திக்கு மட்டும் நெஞ்சு திரும்பவே இல்லை. மூச்சுக்கு மருந்து அடிக்கும் பம்ப் கையில் இல்லாமல் இருபதடி நடக்க முடியாது. பம்ப்பை அடித்துவிட்டு அடுத்த நிமிஷம் யாரையாவது திட்டுவாள். திட்டுவதற்காகவே அடிக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சர்க்கார் விசாரணை ஒன்று தனியாக நடக்கிறது. நடக்கட்டும். இது சிவில் வழக்கு. யாரையும் ஜெயிலில் போடச் சொல்லவில்லை. 'உன் இடத்திலிருந்து வந்தது, உன் பொறுப்பு' என்று கோர்ட்டு எழுத வேண்டும், நஷ்டத்துக்கு வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

"கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமே இல்லாம நிரூபிக்க வேண்டாம்டீ," என்றார் சார். "தராசு நம்ம பக்கம் கொஞ்சம் சாஞ்சாப் போறும்."

சாய்ப்பதற்குத் தட்டில் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல்.

இருந்தது. முந்நூறு துணி இருந்தது. அன்றைக்குக் கொடியில் ஈரமாகத் தொங்கிய அத்தனை வண்ணத் துணியையும் அந்தப் புகை வெளுத்து, திட்டுத் திட்டாகக் கெடுத்திருந்தது. மத்தியானம் திரும்பி வந்த ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். மற்ற யாராக இருந்தாலும் முதலில் போட்டோ எடுத்திருப்பார்கள், அப்புறம் டிவிக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். நம் ஆட்கள் அண்டாவை அடுப்பில் ஏற்றி சாயம் காய்ச்சினார்கள். இருமிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, இரண்டே நாளில் முந்நூறு துணிக்கும் அதனதன் நிறத்தைக் கொடுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மடித்து, சொன்ன தேதியில் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியவில்லை. தங்கள் வழக்கின் சாட்சியத்தை இத்தனை நேர்த்தியாக அழித்த வாதிகள் இந்தியச் சட்ட வரலாற்றில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

முதல் வாதி சங்கிலிப்பாண்டி, மாடத்தியின் புருஷன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து சார் கேட்டார்.

"கெட்டுப்போன துணி ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்கேளா?"

"கெட்டதை எப்பிடி சார் வெச்சிக்கிடதுக்கு? அடுத்தவுக துணில்லா. எல்லாத்தையும் சரியாக்கிட்டோம்."

"பார்த்தா தெரியாதபடியா?"

"பெத்த தாயி வந்து பாத்தாலும் தெரியாது."

"ரொம்ப நன்னாப் பண்ணிட்டேள்."

சங்கிலிப்பாண்டி கூச்சத்தோடு சிரித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டார், பாவம்.

இதற்குள் கம்பெனியின் பதில் மனு வந்திருந்தது. முப்பத்துநாலு பக்கம். பதினேழாம் பத்தி மட்டும் சொன்னால் போதும். வாதிகள் தொழிலுக்கு ப்ளீச்சிங் பவுடர் உபயோகிக்கிறார்கள். ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் இருக்கிறது. அன்று காலை முதல் வாதி தொட்டியில் அளவு தெரியாமல் கரைத்திருக்க வேண்டும். எழுந்த புகை அவருடையது. ஆகவே பக்கத்தில் இறால் கழுவிக்கொண்டிருந்த பிரதிவாதியின் ஊழியர்களின் கண் எரிந்ததற்கு முதல் வாதியே பொறுப்பு என்று வாதாடும் உரிமையையும் கம்பெனி கையில் வைத்துக்கொள்கிறது.

இதைப் படித்தபோது நான் மேஜையைக் குத்தினேன். "சார், இது எவ்வளவு கேவலமான வாதம்!"

"கேவலம்னா என்ன? நன்னா எழுதியிருக்கான்," என்றார் சார். அனில்தான் கம்பெனியின் வக்கீல். சாருக்கு அவரைப் பிடிக்கும். இருவரும் சேர்ந்துதான் சாயா குடிப்பார்கள்.

ஆனால் பதினேழாம் பத்தி வேறொரு வேலை செய்தது. டோபிகானாவில் பதினொரு குடும்பத்துக்கும் பவுடர் கரைப்பது ஒரே ஆள், சங்கிலிப்பாண்டி. அவர் கைக்கணக்கு அப்படி. மனுவின் சாரத்தை மலையாளத்தில் யாரோ படித்துச் சொல்ல, அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வீடும் தன் தொட்டிக்குத் தானே கரைத்துக்கொள்ள ஆரம்பித்தது. கேட்டால், "அண்ணாச்சிக்கு எதுக்கு வீண் செரமம்" என்றார்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரே வாரத்தில் அவர்மேல் கரிசனம் பொங்கிவிட்டது.

ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனபோது என்னைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"வக்கீலம்மா, நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அந்தப் பொக என் தொட்டியில இருந்து வந்திருக்குமோ?"

"என்ன அண்ணாச்சி நீங்களே இப்படிக் கேட்டா?"

"முப்பது வருசமாக் கரைக்கேன். அன்னைக்குக் கைதப்பி ரெண்டு பிடி கூடியிருந்தா?" வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே மாடத்தி இருமுவது கேட்டது. "கேஸு தோத்தாப் போவட்டும். ஆனா அவ நெஞ்சை நான்தான் கெடுத்தேன்னு தீர்ப்புல எழுதிட்டா பின்னே நான் எப்பிடி இருக்கது?"

நான் படித்த அத்தனை சட்டத்திலும் அதற்கு ஒரு பிரிவு இல்லை. "வராது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஒன்றும் ரசாயனம் படித்தவள் இல்லை.

விசாரணை ஒருவழியாக ஆரம்பித்தது. அனில் எழுந்தார். அவர் நல்ல வக்கீல். நல்ல வக்கீல்களுக்கு வரும் வியாதி அவருக்கும் வந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கும் வழக்கை இன்னும் கொஞ்சம் அழகாக ஜெயிக்க ஆசைப்பட்டார்.

"யுவர் ஆனர், முந்நூறு துணி கெட்டது என்கிறார்கள். ஒன்றைக் காட்ட முடியவில்லை. நான் காட்டுகிறேன். அன்றைக்கு அதே கொடியில் எங்கள் கம்பெனியின் பன்னிரண்டு நீலக் கோட்டுகளும் காய்ந்தன. வெளிநாட்டு வியாபாரிகள் வரும்போது எங்கள் ஊழியர்கள் போட்டுக்கொள்வது. வாதிகளே சலவைக் குறி போட்டு, தேதி எழுதிய சீட்டோடு திருப்பிக் கொடுத்தவை. பாருங்கள், ஒரு திட்டு உண்டா?"

பன்னிரண்டு கோட்டும் பிளாஸ்டிக் உறையோடு மேஜைமேல் வந்து இறங்கின. அதன்பிறகு வெளிநாட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை போல; சலவைச் சீட்டுகூடக் கிழியாமல், புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. சாட்சிப் பொருள் 'பி ஏழு' என்று எண் விழுந்தது. நீதிபதி அம்மா ஒரு கோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குற்றமே இல்லை. சங்கிலிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

பின்பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடத்தி என் தொடையில் இடித்தாள்.

"ஏ மோளே, அது நம்ம சாயம்லா!"

"மெதுவா, அக்கா."

"வெளிச்சத்துல பிடிக்கும்போது பாத்தியா, கத்திரிப்பூ நெறம் அடிக்கி. கம்பெனி நீலம் அப்பிடி அடிக்காது. அவசரத்துல உப்புப் போட மறந்து நான்தான் முக்கி எடுத்தேன். சாயம் பிடிக்கவே இல்ல. சோடா போட்ட வெந்நில ஒரு முக்கு முக்கினாப் போதும், குட்டு வெளிய வந்துரும்."

நான் சாருக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினேன். சார் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு எழுந்து, மிகவும் பணிவாக, பிரதிவாதி தாக்கல் செய்த சாட்சிப் பொருளில் ஒன்றை வெளுக்க அனுமதி கேட்டார்.

"வெளுக்கவா?" என்றார் நீதிபதி.

"ஆமாம், யுவர் ஆனர். சோப்புப் போட்டு."

அனில் துள்ளி எழுந்தார். கோர்ட்டு ஆவணத்தைச் சேதப்படுத்தப் பார்க்கிறார்கள் என்றார். சாட்சியத்தைக் கழுவும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை என்றார். "நல்ல கோட்டு என்றால் ஒரு சலவைக்குப் பயப்படுவானேன்?" என்று சார் கேட்டார். இதன்மேல் மூன்று வாய்தா நடந்தது. கடைசியில் உத்தரவு: பன்னிரண்டில் ஒரு கோட்டு, கோர்ட்டு நியமிக்கும் கமிஷனர் முன்னிலையில், டோபிகானாவிலேயே வெளுக்கப்பட வேண்டும். மீதிப் பதினொன்று சீல் வைக்கப்பட்டு கோர்ட்டிலேயே இருக்கும். வேண்டுமானால் எந்தத் தரப்பும் லேபுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

கமிஷனராக வந்தவர் வக்கீல் பாக்கியலக்ஷ்மி. கையில் குடை, தோளில் பை, சிரிப்பே கிடையாது. கம்பெனியின் பாதுகாப்பு மேனேஜர் கேசவ் முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார். வாயு எந்தக் காலத்திலும் வராத இடத்துக்கு எதற்கு முகமூடி என்று யாரும் கேட்கவில்லை. அனில் பளபளப்பான ஷூவோடு ஈரக் கல்லில் நின்று, வாதிகள் யாரும் கோட்டைத் தொடக் கூடாது என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். வெளுக்கிற சாக்கில் ஏதாவது வித்தை செய்துவிடுவார்களாம்.

பாக்கியலக்ஷ்மி படித்துப் பார்த்தார். "சரி. அப்போ உங்க ஆளே வெளுக்கட்டும்."

"எங்க ஆளா?"

"இவர்தானே பாதுகாப்பு மேனேஜர்? தண்ணி, சோடா எல்லாம் நான் கொண்டு வந்திருக்கேன். ஆரம்பிக்கலாம்."

கேசவ் அனிலைப் பார்த்தார். அனில் காயலைப் பார்த்தார். கேசவ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கல்லின் முன்னால் போய் நின்றார். பதினொரு குடும்பமும் சுற்றி நின்றது. அவர் கோட்டை வெந்நீரில் இரண்டு விரலால் முக்கினார்.

மாடத்தி பம்ப்பை ஒரு அடி அடித்துக்கொண்டாள். "ஏ சாரே, அது என்ன கைக்கொழந்தையா? நல்லா முக்கும்!"

"சூடா இருக்கு சேச்சி."

"சூடாத்தான் இருக்கும், வெந்நிலா! பின்னே நாங்க என்ன ஐஸுலயா வெளுக்கோம்? ம், இப்பக் கல்லுல அடியும். கெஞ்சாதீரும், அடியும்! கம்பெனியில ஆளுகளப் போட்டு அரட்டுவீராம்லா, அதுல பாதி இங்கன காட்டும்."

சிரிப்பு வெடித்தது. பாக்கியலக்ஷ்மியின் உதடுகூட ஒரு முறை ஓரமாய்ப் போய்விட்டு வந்தது. நான்காவது அடியில் கல்லின்மேல் நீலமாக ஓடியது. பத்தாவது அடியில் வாளி பூராவும் நீலம். கேசவுக்கு வேர்த்துக் கொட்ட, முகமூடியைத் தானே கழற்றிப் போட்டார். கோட்டை அலசி உதறி விரித்தபோது சிரிப்பு நின்றது.

கோட்டின் முதுகு முழுக்கச் சாம்பல் வெளுப்பு. எரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக. முன்பக்கம் கம்பெனி நீலம் அப்படியே இருந்தது.

"ப்ளீச்சிங் பவுடர்," என்றார் அனில் உடனே. "நாங்கள் சொன்னதேதான். அவர்கள் தொட்டியில் கெட்டிருக்கிறது."

சங்கிலிப்பாண்டி பக்கத்தில் வந்தார். தொடவில்லை; இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். கோட்டின் அடி ஓரத்தில், முதுகுப் பக்கம், கையகலத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் நீலம் கெடாமல் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி என்று நான் கேட்க வாய் திறப்பதற்குள் சொன்னார்.

"அம்மா, இது கயிறு."

"என்ன கயிறு?" என்றார் பாக்கியலக்ஷ்மி.

"எங்க கொடியைப் பாருங்க. கிளிப்பு கெடையாது, துரு பிடிச்சிக் கறையாயிரும். ரெண்டு கயித்தை முறுக்கிக் கட்டியிருக்கோம். துணி ஓரத்தை அந்த முறுக்குக்குள்ள சொருவினா அதுவே பிடிச்சிக்கிடும். கோட்டைத் தலைகீழாப் போட்டு, அடி ஓரத்துல ரெண்டு எடத்துல சொருவுவோம். இந்த ரெண்டு எடந்தான்." கையைக் கட்டியபடியே முகவாயால் சுட்டினார். "தொட்டியில முக்கினா முக்கினது பூரா வெளுக்கணும்லா? முன்னும் வெளுக்கும், பின்னும் வெளுக்கும். இது கயித்துக்குள்ள ஒளிஞ்சது மட்டும் தப்பிச்சிருக்கு. கொடியில தொங்கும்போது கெட்ட துணிம்மா இது."

பாக்கியலக்ஷ்மி போய்க் கொடியைப் பார்த்தார். ஒரு கைக்குட்டையைச் சொருகிப் பார்த்தார். அளந்தார். போட்டோ எடுத்தார்.

"முதுகு மட்டும் ஏன் வெளுத்திருக்கு?"

"கம்பெனிக் கோட்டை எப்பவும் முதுகைக் காலை வெயிலுக்குக் காட்டித்தான் போடுவோம். நெஞ்சுல அவுக பேரு நூல்ல தைச்சிருக்கு. வெயில் பட்டா பேரு மங்கிரும்னு."

கம்பெனியின் நல்ல பேருக்குக் களங்கம் வரக்கூடாது என்று இவ்வளவு அக்கறை காட்டிய இன்னொரு ஆளை அந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்தும் கண்டுபிடிக்க முடியாது.

"அப்போ முதுகு பார்த்த பக்கம் கிழக்கு," என்று பாக்கியலக்ஷ்மி எழுதிக்கொண்டே கேட்டார். "கிழக்கே என்ன இருக்கு?"

எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்த கேசவ், கேள்வி தன்னைத்தான் கேட்டதாக நினைத்து, "எங்க கம்பெனி" என்றார்.

"அதை எழுத வேண்டாம்," என்றார் அனில்.

"எழுதியாச்சு," என்றார் பாக்கியலக்ஷ்மி.

நான் உடனே ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன். சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபம் சொல்லக் கம்பெனி அவகாசம் கேட்டது. கிடைத்தது. மறுபடி கேட்டது. மறுபடியும் கிடைத்தது. ஐந்தாவது மாதம் ஆட்சேபத்துக்குப் பதிலாக வேறொரு மனு வந்தது. நான் அதை நின்றபடியே படித்து முடித்து, நம்பாமல் மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

குளோரின் சிலிண்டருக்கு வால்வு செய்து கொடுத்த ஒரு மும்பைக் கம்பெனியையும் இந்த வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டுமாம். ஏனென்றால், 'மேற்படி தேதியில் எங்கள் வளாகத்தில் ஏற்பட்ட குளோரின் கசிவுக்கு மேற்படி வால்வின் குறைபாடே முழுக் காரணம்.' கீழே சத்தியப்பிரமாணம், கையெழுத்து, கம்பெனி முத்திரை.

மூன்று வருடமாக நடக்காத ஒரு காரியம், பழியைத் தூக்கிப்போட இன்னொரு தலை கிடைத்ததும், சட்டென்று நடந்துவிட்டது.

"பார்த்தியோ?" என்றார் சார். "கோர்ட்டுல உண்மை இப்படித்தான் வரும். நம்மகிட்ட சொல்ல மாட்டா. இன்னொருத்தனைத் திட்டறச்சே வாய்தவறிச் சொல்லுவா. இனிமே ரெண்டு கம்பெனியும் அடிச்சுப்பா. இன்னும் அஞ்சு வருஷம்."

"இதை நான் போய்ச் சொல்லலாமா சார்?"

"அஞ்சு வருஷத்தையும் சேர்த்துச் சொல்லு."

நகல் எடுத்துக்கொண்டு ஓடினேன். சங்கிலிப்பாண்டி காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்து, "எல்லாரையும் கூப்பிடுதேன். சத்தமா வாசிங்க," என்றார்.

கூடினார்கள். மலையாளத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் வாசித்தேன்.

"தொட்டின்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி."

"பவுடருன்னு?"

"எங்கயுமே இல்ல. அவங்க வளாகம், அவங்க சிலிண்டர், அவங்க வால்வு. அவ்வளவுதான். ஆனா தீர்ப்பு வர இன்னும் அஞ்சு வருஷம் ஆகலாமாம்."

அஞ்சு வருஷத்தை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு வீரபாண்டி முதலில் வாய் திறந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி, ஒங்க கையில தப்பு வராதுன்னு." அவருக்குப் பின்னால் நின்றவரும் அன்றைக்கே சொன்னாராம். அவர் சம்சாரமும். கொஞ்ச நேரத்தில் பதினொரு குடும்பத்தில் ஒருவர்கூட ஒருநாளும் ஒரு நொடியும் சந்தேகப்பட்டதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமே நிறைவேறிவிட்டது. சங்கிலிப்பாண்டி ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"நான் சந்தேகப்பட்டேன்," என்றாள் மாடத்தி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பம்ப் மடியில் கிடந்தது.

"அந்த மனு வந்த பொறவு ஒரு வருசம் முழுக்கச் சந்தேகந்தான். ராத்திரி இருமி முழிக்கும்போதெல்லாம் ஒங்களத்தான் நெனைப்பேன், பாவி மனுசன் அளவு தப்பிட்டாரேன்னு. ரெண்டு மாசம் ஒங்க கையால சாயா வாங்கிக் குடிக்கல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"பின்னே ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எனக்கும் அதே சந்தேகம்லா இருந்துச்சு ஏட்டி. என்னன்னு கேக்க?"

மாடத்தி அவரை ஒரு நிமிஷம் முறைத்தாள். என்னமோ பெரிதாகத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். மூச்சு போதவில்லையோ என்னவோ, திட்டவில்லை. நகர்ந்து வாளியில் பாதி இடம் விட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். ஒரு வாளியில் இரண்டு பேர் உட்கார முடியாது, பாதி வெளியேதான் இருந்தார்.

"மோளே," என்றாள் என்னைப் பார்த்து, "அந்த வரியை இன்னொருக்கா வாசி. இவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."